போதனா வைத்தியசாலையும் அயல் வீதியும்

வீடு முழுவதற்கும் ஒளி தரும் விளக்கின் அடியிலே சிறிதளவு இருள் தங்கிவிடுகின்றது என்பது நம் முன்னோர் கண்டு சொன்ன உண்மை. இவ்வுண்மை மனிதர்க்கு மட்டுமன்றிப் பெரிய நிலையங்களுக்கும் பொருந்தும். உலகெங்கணும் புகழ் பெற்ற வைத்தியசாலை ஒன்று ஒரு நகரத்தில் நிமிர்ந்து நிற்கின்றது. கடல் கடந்த நாடுகளிலிருந்து செல்வரும் அரசரும் அதனை நாடி வந்து குணம் பெற்றுச் செல்கின்றனர். ஆனால், அதன் மதிலுக்கு அப்பாலுள்ள வீதியிலே பிறந்த குழந்தையோ, அதே நகரத்தின் செல்வர் குடியிருப்பிற் பிறந்த குழந்தையைவிடப் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் குறைந்த ஆயுளையே எதிர்பார்க்கக்கூடியதாயிருக்கின்றது. இது எவ்வாறு நேர்ந்தது? இந்நிலையை மாற்றுவதற்கு மருத்துவக் கல்வியாளர் செய்தவை எவை, செய்யத் தவறியவை எவை? ஐக்கிய அமெரிக்காவின் இரண்டு நகரங்களின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை தரும்.

போதனா வைத்தியசாலை என்பது மூன்று தொழில்கள் ஒருங்கே நடைபெறும் இடம். நோயாளரைக் குணப்படுத்தல் ஒன்று. மாணவரை வைத்தியராக்கல் மற்றொன்று. நோயின் காரணங்களை ஆராய்ந்து புதிய மருந்துகளையும் முறைகளையும் காணுதல் மூன்றாவது. இத்தகைய நிலையங்கள் பெரும்பாலும் நகரத்தின் வறிய பகுதிகளிலேயே அமைந்திருத்தலைக் காணலாம். இது தற்செயலாக நேர்ந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பணம் படைத்தோர் தம் வீட்டிலேயே வைத்தியம் பெற்றனர். வைத்தியசாலையை நாடியவர் ஏழைகளே. அவர்களுக்கு இலவச மருந்து கிடைத்தது. மாணவர்க்குக் கற்பதற்கு நோயாளர் கிடைத்தனர். பின்னர், இரண்டாம் உலகப் போரின் பின், வசதியுடையோர் நகரத்தை விட்டுப் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. வேலையிழந்தோரும் வாடகை வீட்டினரும் எஞ்சினர். வைத்தியசாலையோ நின்ற இடத்திலேயே நின்று ஆண்டுதோறும் உயர்ந்து வளர்ந்தது. செல்வமும் வறுமையும் ஒரே வீதியின் இரு பக்கங்களில் முகத்தோடு முகம் பார்த்து நிற்கும் காட்சி இவ்வாறே தோன்றிற்று.

அமெரிக்காவின் கீழைக் கரையிலுள்ள பால்ட்டிமோர் நகரத்தை இதற்குத் தக்க சான்றாகக் கொள்ளலாம். அந்நகர வணிகரான ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் என்பவர் 1873ஆம் ஆண்டிலே காலமானார். எழுபது இலட்சம் டொலரை அவர் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வைத்தியசாலைக்குமென விட்டுச் சென்றார். அவர் இறப்பதற்குச் சில மாதங்களின் முன் தம் தருமகர்த்தாக்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆண் பெண் என்றோ, வயதென்றோ, நிறமென்றோ வேறுபாடு பாராது, இந்நகரத்தினதும் அதன் அயலினதும் வறிய நோயாளரை இலவசமாக ஏற்றுக்கொள்ள வேண்டுமென்பது அக்கடிதத்தின் கட்டளை. அடிமை முறை ஒழிந்து பத்தாண்டுகூட நிறையாத காலத்தில் இவ்வாறு எழுதியமை குறிப்பிடத்தக்கது. நகரின் கீழ்ப்பகுதியில் ஒரு மேட்டு நிலத்திலே எழுந்த வைத்தியசாலை 1889இல் திறக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரி 1893இல் ஆரம்பமாயிற்று. ஆகவே, அயலவர்க்கு உதவுதல் என்பது அந்நிலையத்துக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த கடமையன்று. அது பிறக்கும்போதே உடன் பிறந்த கடமையாகும்.

அங்கே முதன்மை வைத்தியராக இருந்த வில்லியம் ஒஸ்லர், மாணவரை விரிவுரை மண்டபத்திலிருந்து நோயாளியின் கட்டிலருகே அழைத்துச் சென்றவர் எனப் புகழப்படுகின்றார். அவர் செய்த மற்றொரு செயல் அத்துணைப் பேசப்படுவதில்லை. நூற்றாண்டு மாறும் வேளையில், வைத்தியசாலைக்கு வந்து போகும் சயரோக நோயாளரின் வீடுகளுக்குத் தம் மாணவியரை அவர் அனுப்பினார். அம்மாணவியர் கண்ட காட்சி யாது? காற்றோட்டமில்லாத அறைகள், ஒரே அறையிற் பலர் உறங்கும் நெருக்கடி, போதாத உணவு, நோயாளி துப்பும் சளியை அகற்ற வழியின்மை. வைத்தியசாலையிலே கூறப்பட்ட ஆலோசனைகளுள் எதனையும் அவ்வீட்டிலே நிறைவேற்ற முடியாதென்பதை அவர்கள் உணர்ந்தனர். நல்ல காற்றை உண்பாயாக என்று சன்னலில்லாத அறையில் வாழ்பவனுக்குச் சொல்வதாற் பயன் என்ன? நோயாளியைக் கட்டிலிலே பார்ப்பது ஒன்று. அவன் வீட்டிலே பார்ப்பது வேறொன்று என்னும் பாடம் அன்றே எழுதப்பட்டுவிட்டது. ஆனால், எழுதிய பாடத்தைப் படித்தோர் சிலரே.

இதற்கிடையில் நிறுவியவரின் கட்டளையும் முழுமையாகப் பேணப்படவில்லை. கறுப்பின நோயாளர் ஏற்றுக்கொள்ளப்பட்டனராயினும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அவர்களுக்கெனத் தனி வார்டுகள் இருந்தன. அயலிலுள்ள கறுப்பினக் குடும்பங்களில் ஓர் அச்சமும் வழிவழியாக வந்தது. இருட்டிய பின் வைத்தியசாலைப் பக்கம் போகலாகாது. ஆராய்ச்சிக்கென ஆட்களைப் பிடித்துச் செல்வார்கள் என்று தாய்மார் பிள்ளைகளை எச்சரித்தனர். இதனை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிடலாம். ஆனால், 1951இல் நிகழ்ந்ததை நோக்கினால், அக்கதைக்கு உரமூட்டியது எதுவென்பது விளங்கும். ஹென்றியெற்றா லாக்ஸ் என்னும் கறுப்பினத் தாய் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயோடு அங்கே வந்தார். அவரிடமிருந்து எடுக்கப்பட்ட உயிரணுக்கள் ஆய்வுகூடத்திலே அழியாது பெருகின. உலகெங்கும் அனுப்பப்பட்டு, இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்தைச் சோதிப்பது முதல் எண்ணற்ற ஆராய்ச்சிகளுக்கு அவை உதவின. அவ்வுயிரணுக்களை ஆராய்ச்சிக்கு எடுப்பதுபற்றி எவரும் அவருடைய சம்மதத்தைக் கேட்கவில்லை. அவர் அவ்வாண்டிலேயே இறந்தார். அவர் குடும்பத்தினர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதனை அறியாதிருந்தனர். அக்காலத்திலே அவ்வாறு எடுத்தல் சட்டத்துக்கு மாறானதாகக் கருதப்படவில்லை. ஆயினும், உலகம் பெற்ற பயனும், அக்குடும்பம் பெற்ற பயனின்மையும் ஒருங்கே நோக்குவார்க்கு, அயலவரின் அச்சம் காரணமற்றதெனச் சொல்ல மனம் வராது.

மதிலுக்கு வெளியே செல்லும் முயற்சி ஒழுங்கான வடிவம் பெற்றது 1932இலாகும். ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரொக்பெல்லர் நிறுவனத்தின் பொருளுதவியோடு 1916இல் ஒரு பொதுச் சுகாதாரக் கல்லூரி நிறுவப்பட்டிருந்தது. அக்கல்லூரியும் நகரச் சுகாதாரத் திணைக்களமும் கூடி, வைத்தியசாலையைச் சூழ்ந்த ஏறத்தாழ ஒரு சதுர மைல் நிலப்பரப்பைக் கீழைச் சுகாதார வட்டாரம் என வகுத்தன. தாதியர் வீடுவீடாகச் சென்றனர். தாய் சேய் நலம், தொற்றுநோய்த் தடுப்பு ஆகியன கவனிக்கப்பட்டன. மாணவர் அங்கே பயிற்சி பெற்றனர். எந்த வீட்டில் யார், என்ன நோய், எத்தனை நாள் என்பதெல்லாம் பதியப்பட்டன. 1938 முதல் 1943வரை குறித்த குடும்பங்கள் தொடர்ந்து சந்திக்கப்பட்டு, நாட்பட்ட நோய்கள் மக்களிடையே எவ்வளவு பரந்துள்ளன என்பது அறியப்பட்டது. இலங்கையருக்கு இம்முறை புதியதன்று. அதே ரொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு 1926இலேயே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கப்பட்டது. நோயாளி வரும்வரை காத்திராது, வீட்டை நாடிச் செல்லும் சுகாதார வைத்திய அதிகாரியும் மருத்துவ மாதும் இந்நாட்டுக் கிராமங்களுக்குப் பழகிய முகங்களாயினர். பால்ட்டிமோருக்கு ஆறு ஆண்டுகள் முன்னதாகவே இங்கு அவ்விதை ஊன்றப்பட்டது.

வீட்டை நோக்காது நோயை மட்டும் நோக்கும் வைத்தியம் எங்கே தோல்வியுறும் என்பதை விளக்க ஈய நஞ்சின் வரலாற்றை விடச் சிறந்த சான்று இல்லை. 1932இலே, பொருளாதார மந்தத்தால் வாடிய பால்ட்டிமோர் ஏழைகள் சிலர், கழிக்கப்பட்ட மோட்டார் பற்றரிகளின் மரப் பெட்டிகளை விறகாக எரித்தனர். அம்மரத்தில் ஊறியிருந்த ஈயம் புகையாகிப் பிள்ளைகளை வருத்தியது. இதன் பின்னர் வைத்தியர்களின் கவனம் வேறொரு மூலத்திற் சென்றது. பழைய வீடுகளின் சுவரிலும் சன்னற் சட்டத்திலும் பூசப்பட்ட வர்ணத்திலே ஈயம் கலந்திருந்தது. வர்ணம் பழுதாகி உரிந்து விழும். சன்னலைத் திறந்து மூடுந்தோறும் நுண்ணிய தூளாகித் தரையிற் படியும். தவழும் குழந்தையின் கையில் அத்தூள் ஒட்டும். கை வாய்க்குப் போகும். ஈயத்துக்கு ஓர் இனிப்புச் சுவையும் உண்டு. உடலிற் சேர்ந்த ஈயம் குருதியைக் கெடுத்து, வளரும் மூளையைத் தாக்குகின்றது. கடுமையாயின் வலிப்பும் மரணமும் நேரும். சிறிதாயின் கற்கும் ஆற்றலும் மனத்தை ஒருமுகப்படுத்தும் ஆற்றலும் குன்றும். பாடசாலையில் மந்தன் என்றும் முரடன் என்றும் பெயர் பெறும் பிள்ளையின் குற்றம், உண்மையில் அவன் வீட்டுச் சுவரின் குற்றமாயிருக்கலாம்.

1935இல் நகரச் சுகாதாரத் திணைக்களம் குருதியில் ஈயத்தை இலவசமாகச் சோதிக்கத் தொடங்கிற்று. பின்னர், ஈயத்தைப் பற்றிச் சிறுநீரோடு வெளியேற்றும் மருந்துகளும் வந்தன. குழந்தை பிழைத்தது. ஆனால், பிழைத்த குழந்தை எங்கே சென்றது? அதே வீட்டிற்கு, அதே சன்னலின் கீழே. சில வாரங்களில் அதே குழந்தை அதே வார்டிற்குத் திரும்பி வந்தது. வைத்தியசாலையின் மருந்து எத்துணைச் சிறந்ததாயினும், வீட்டுக்காரன் சுவரைத் திருத்தாதவரை அது ஓட்டைக் குடத்தில் வார்த்த நீரேயாகும். 1951இல் பால்ட்டிமோர் நகரம் வீட்டின் உட்புறத்தில் ஈய வர்ணம் பூசுவதைத் தடை செய்தது. அமெரிக்க நகரங்களில் அத்தகைய தடைகளுள் அதுவே முந்தியது. நாடு முழுவதற்குமான தடை 1978இலேயே வந்தது. எனினும், தடைக்கு முன் பூசப்பட்ட வர்ணம் அப்பழைய வீடுகளை விட்டு நீங்கவில்லை. இங்கே வைத்தியரின் கையிலுள்ள கருவிகள் போதா. வீட்டுச் சட்டமும், தச்சனின் கையும், வாடகையாளரின் உரிமையும் சேர்ந்தே நோயைத் தீர்க்க வேண்டியிருக்கின்றது.

இவ்வாறு வீட்டையும் வாழ்க்கையையும் மருத்துவத்துள் அடக்கும் எண்ணத்திற்கு முழு உருவம் கொடுத்தவர்கள் தென்னாபிரிக்காவில் இருந்தனர். சிட்னி கார்க், எமிலி கார்க் என்னும் வைத்தியத் தம்பதியர் 1940இல் நாட்டால் மாகாணத்தின் பொலேலா என்னும் இடத்திலே ஒரு சுகாதார நிலையத்தை அமைத்தனர். மருந்து கொடுப்பதோடு காய்கறித் தோட்டமிடவும் மலகூடம் அமைக்கவும் அங்கு கற்பித்தனர். அவ்வூர் மக்களையே சுகாதார உதவியாளராகப் பயிற்றினர். பின்னர் இம்முறை டர்பன் நகர மருத்துவக் கல்லூரியின் கல்வியோடும் இணைந்தது. 1957இல் அதனைக் கற்க வந்த அமெரிக்க மருத்துவ மாணவர் ஒருவரின் பெயர் ஜக் கைகர். நிறவெறி அரசின் கீழ் தென்னாபிரிக்க நிலையங்கள் நலிந்தன. விதையோ கடல் கடந்து முளைத்தது.

பொஸ்டன் நகரத்தின் கடலோரத்தில், குப்பை மேட்டின் அருகே, 1954இலே கொலம்பியா பொயின்ற் என்னும் அரசாங்கக் குடியிருப்பு எழுப்பப்பட்டது. ஆயிரத்தைந்நூறு வீடுகள் கொண்ட அக்குடியிருப்பு நகரின் ஏனைய பகுதிகளிலிருந்து ஒதுங்கிக் கிடந்தது. குப்பை லொறியில் ஒரு சிறுமி அடிபட்டு இறந்த பின், 1962இல் தாய்மார் வீதியை மறித்து நின்று அக்குப்பை மேட்டை மூடச் செய்தனர். புகழ் பெற்ற மருத்துவக் கல்லூரிகள் மூன்று பொஸ்டனில் இருந்தும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அத்தாய்மார் பஸ் மாறி மாறி நகர வைத்தியசாலைக்குச் சென்று, மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கைகரும் கவுண்ட் கிப்சன் என்பவரும் மத்திய அரசாங்கத்தின் வறுமை ஒழிப்பு நிதியைப் பெற்று, 1965 டிசம்பரில் அக்குடியிருப்பின் உள்ளேயே ஒரு சுகாதார நிலையத்தைத் திறந்தனர். வைத்தியர், தாதி, சமூக ஊழியர் ஆகியோர் ஒரு குழுவாக ஒரு குடும்பத்தை முழுமையாகக் கவனித்தனர். குடியிருப்பில் வாழ்ந்தோரே பயிற்சி பெற்று அங்கு வேலை செய்தனர். நிலையத்தின் போக்கைத் தீர்மானிப்பதிலும் அம்மக்களின் சங்கத்துக்குப் பங்கிருந்தது. சில ஆண்டுகளில் அக்குடியிருப்பினர் வைத்தியசாலையிற் படுக்க நேரும் தடவைகள் வெகுவாகக் குறைந்தன என்பதை ஆய்வுகள் காட்டின.

இதே கல்லூரி மிசிசிப்பி மாநிலத்தின் மவுண்ட் பாயூ என்னும் ஊரில் 1967இல் தொடங்கிய நிலையத்தில், போசாக்கின்மையால் மெலிந்த பிள்ளைகளுக்கு மருந்துச் சீட்டிலே பால், இறைச்சி, காய்கறி என எழுதிக் கொடுக்கப்பட்டது. கடைக்காரருக்குரிய பணத்தை நிலையத்தின் மருந்துச் செலவிலிருந்தே கொடுத்தனர். மருந்துக்குரிய பணத்தை உணவுக்குச் செலவிடலாமா என்று அதிகாரிகள் வினாவினர். பசியால் வந்த நோய்க்கு உணவைத் தவிர வேறு மருந்து நூல்களிற் கூறப்படவில்லை என்பதே கைகரின் விடை. அவர் 2020ஆம் ஆண்டு வரை வாழ்ந்து, தாம் தொடங்கிய சிறு முயற்சி நாடு முழுவதும் பரந்ததைக் கண்டார். இன்று அமெரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சமூகச் சுகாதார நிறுவனங்கள் மூன்று கோடிக்கு மேற்பட்ட மக்களுக்குச் சேவை புரிகின்றன. அவற்றின் ஆட்சிக் குழுவில் பெரும்பான்மையோர் அங்கு வைத்தியம் பெறுவோராகவே இருத்தல் வேண்டுமென்பது சட்டம். இச்சட்டமே அம்முயற்சியின் உயிர்நாடி எனலாம்.

அயலவரின் குரலுக்கு இடமில்லாத இடத்தில் என்ன நிகழும் என்பதைப் பால்ட்டிமோர் மீண்டும் காட்டுகின்றது. 1950களிலே வைத்தியசாலையின் அருகிலிருந்த பழைய வீடுகள் நகர மறுசீரமைப்பின் பெயரால் இடிக்கப்பட்டன. குடியிருந்தோர் வெளியேற்றப்பட்ட நிலத்தின் ஒரு பகுதியில் ஹொப்கின்ஸ் மாணவர்க்கும் பணியாளர்க்கும் வேலி சூழ்ந்த குடியிருப்பு எழுந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் ஒரு பெருந்திட்டம் வந்தது. வைத்தியசாலைக்கு வடக்கே 88 ஏக்கர் நிலம் அதற்கென வகுக்கப்பட்டது. எழுநூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இடம் பெயர நேர்ந்தது. ஆனால், இம்முறை மக்கள் வாய் மூடியிருக்கவில்லை. அவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, நியாயமான நட்டஈட்டைக் கோரினர். அத்தோடு, பழைய வீடுகளை இடிக்கும்போது ஈயத் தூசு அயலெங்கும் பரவுமென்பதையும் எடுத்துக் காட்டினர். அதன் பயனாக, இடிக்குமுன் நீர் தெளித்தல், அயலவர்க்கு முன்னறிவித்தல், தூசியை அளந்து பார்த்தல் முதலிய பாதுகாப்பு முறைகள் கைக்கொள்ளப்பட்டன. உலகப் புகழ் பெற்ற சுகாதாரக் கல்லூரியின் நிழலிலே, தூசியைப் பற்றிய எச்சரிக்கை வீதியிலிருந்தே எழ வேண்டியிருந்தது என்பது சிந்தித்தற்குரியது.

எனினும், அதே நிலையத்திலிருந்து நல்ல முயற்சிகளும் பிறந்துள்ளன. உயர் குருதி அழுத்தத்தால் இளமையிலேயே மாளும் கறுப்பின ஆண்களை நாடி, தாதியரும் அதே பகுதியிற் பிறந்து வளர்ந்த சுகாதார ஊழியரும் அவர்தம் வீடுகளுக்குச் சென்றனர். இவ்வாறு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டோரின் குருதி அழுத்தம், வழமையான சேவையை மட்டும் பெற்றோரினும் நன்கு கட்டுப்பட்டதை 2003இல் வெளியான ஆய்வு காட்டிற்று. 2009ஆம் ஆண்டளவில் தாதியர் கல்லூரி மற்றொரு முறையைத் தொடங்கிற்று. நடமாடச் சிரமப்படும் முதியோரின் வீட்டிற்கு ஒரு தாதியும், தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவரும், மூன்றாமவராக ஒரு திருத்த வேலைக்காரரும் செல்கின்றனர். முதலிலே முதியவரிடம் கேட்கப்படுவது, உமக்கு என்ன நோய் என்பதன்று. நீர் செய்ய விரும்பியும் செய்ய முடியாதிருப்பது எது என்பதே. குளிக்கும் அறையில் ஒரு பிடி. தளர்ந்த படிக்கட்டிற்கு ஒரு கைவரிசை. ஆடும் தரைப்பலகைக்கு நான்கு ஆணி. இச்சிறு செலவினால் அன்றாட வேலைகளைத் தாமே செய்யும் ஆற்றல் முதியோர்க்கு மீண்டது. ஒஸ்லரின் மாணவியர் வீட்டிலே கண்ட குறைக்கு, நூறு ஆண்டுகளின் பின் சுத்தியல் ஏந்திய ஒருவரும் வைத்தியக் குழுவில் இடம் பெற்றமை தக்க விடையாகும்.

இவ்வரலாறுகளிலிருந்து பெறக்கூடிய முடிபு தெளிவானது. வைத்தியசாலை அருகிலிருத்தலால் மட்டும் அயலவர்க்கு ஆரோக்கியம் வந்துவிடாது. நோய் வார்டிலே தோன்றுவதன்று. வீட்டிலும் வீதியிலும் தொழிலிலும் தோன்றி, வார்டிலே வந்து முடிவது. ஆகவே, அது தோன்றும் இடத்துக்கு மருத்துவக் கல்வி செல்ல வேண்டும். ஆனால், செல்வது மட்டும் போதாது. செல்லும் முறையே முக்கியம். எழுதிக்கொள்வதற்கும் எடுத்துக்கொள்வதற்கும் மட்டும் சென்றால், வீட்டின் கதவு விரைவிலே மூடிக்கொள்ளும். மாணவர் கற்கும் பாடமும் ஆராய்ச்சியாளர் பெறும் புகழும் யாருடைய உடலிலிருந்து வந்தனவோ, அவர்க்குத் தம் நலத்தைத் தீர்மானிக்கும் அவையிலே ஓர் ஆசனம் உண்டு. அது தருமமாகத் தரப்படுவதன்று, கடனாகத் திருப்பப்படுவது.

இலங்கையிலும் போதனா வைத்தியசாலைகள் நகரங்களின் நடுவே நிற்கின்றன. அவற்றின் அயலிலும் நெருங்கிய குடியிருப்புகள் உண்டு. அங்கும் பிள்ளைகள் பிறக்கின்றனர், முதியோர் தளர்கின்றனர். களுத்துறையில் ஊன்றிய விதையின் பயனைக் கிராமங்கள் நெடுங்காலம் கண்டன. வைத்திய மாணவர் ஒருவர் வார்டை விட்டு வெளியேறும்போது, தாம் அன்று பார்த்த நோயாளி எந்த வீட்டுக்குத் திரும்பிச் செல்வார், அவ்வீட்டின் சுவர் எப்படியிருக்கும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பாராயின், அவர் கற்ற கல்வி முழுமை பெற்றதாகும்.